மெசின் கூலிக் கணக்கும் சனிக்கிழமை வகுப்பும்

நானும் மகனும் போன, பைதன் என்ற கணினி மொழி படிப்பிக்கிற சனிக்கிழமை வகுப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். முதலில் காசு விசயத்தைச் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். எட்டுச் சனிக்கிழமை, பின்னேரம் 2 மணியிலிருந்து 5 மணி வரை, மொத்தம் 9,000 ரூபா. இரண்டு தவணையாகக் கட்டலாம். லப்டொப் நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். இடம் கிளிநொச்சி, கரடிப்போக்குச் சந்தியிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கடையின் மேல்மாடி. படிப்பிக்கிற தம்பியின் பெயரை நான் எழுதவில்லை. "நல்லதும் எழுதுவன், குறையும் எழுதுவன்" என்று சொன்னதும், "அப்ப பேரை விட்டிடுங்கோ அக்கா" என்று அவரே சிரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டார்.

நான் மாணவியில்லை. வயது 43. முரசுமோட்டையில் எங்களுக்கு இரண்டு உழவு மெசின், ஒரு லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்), ஒரு நெல் வெட்டு மெசின், மூன்று பெட்டி, அதுதான் ட்ரெயிலர். மெசின்களை ஓட்டுவிப்பது என் மனுசன், கணக்கு நான். காலபோக வெட்டு நேரம் ஒரு நாளைக்கு ஏழெட்டு வயலில் வேலை நடக்கும். உழவுக்கும் வெட்டுக்கும் ஏக்கர்க் கணக்கு, பெட்டி இழுத்தால் லோட் கணக்கு, லாண்ட்மாஸ்டர் சில்லறை வேலைக்குப் போனால் மணித்தியாலக் கணக்கு. சிலர் கையோடு காசு தருவார்கள். சிலர் நெல்லாகத் தருவார்கள். சிலர் "நெல்லு வித்துப்போட்டுத் தாறன் அக்கா" என்று வரம்பில் நின்றே சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பன்னிரண்டு வருசமாக எல்லாம் சீ.ஆர். கொப்பியில். பிறகு எக்செல்லில் போட்டுப் பார்த்தேன், ஒரு வரிசையை நடுவில் செருகினால் கீழே இருக்கிற கூட்டல் எல்லாம் பிசகியது.

மகன் உயர்தரத்துக்கு ஐ.சீ.ரி. (தகவல் தொழினுட்பப் பாடம்) எடுக்கிறான், அதில் பைதன் படிக்கிறான். ஒருநாள் அவனுடைய கொப்பியைப் புரட்டினேன். பொருள்நோக்கு நிரலாக்கம் என்று தலைப்பு. கீழே, நாய் ஒரு விலங்கு, பூனை ஒரு விலங்கு, நாய் குரைக்கும், பூனை மியாவ் என்னும். "இதை வச்சு என்ன செய்யிறது?" என்று கேட்டேன். "பாடமாக்கிறது" என்றான். அவனுக்கே விளங்கவில்லை என்பது எனக்கு விளங்கியது. இந்தச் சனிக்கிழமை வகுப்புக்கு அவனைச் சேர்க்கப் போன இடத்தில், "நீங்களும் இருங்கோவன் அம்மா, மெசின் கணக்குக்கு உதவும்" என்றான். அப்படித்தான் பதினொரு பேரில் ஒருத்தியாக நானும் இருந்தேன். விதைப்பு முடிந்து மாரி மழை பிடித்திருந்த நேரம். கூரைத் தகரத்தில் மழை அடித்தால் அவர் பேசுவது ஒன்றும் கேட்காது. அப்போதெல்லாம் எழுதிக் காட்டுவார்.

முதல் நாள் அவர் பலகையில் ஒன்றும் எழுதவில்லை. பையிலிருந்து ஒரு கட்டுக் கடதாசியை எடுத்து ஆளுக்கொன்று தந்தார். பார்த்தால் படிவம். பெயர், அடையாள அட்டை இலக்கம், கிராம சேவையாளர் பிரிவு, குடும்ப அங்கத்தவர் தொகை, விண்ணப்பதாரியின் கையொப்பம். எங்கட சனத்துக்குப் படிவத்தைப் பற்றி விளங்கப்படுத்தவா வேண்டும்? 2009க்குப் பிறகு நாங்கள் நிரப்பின படிவங்களை அடுக்கினால் ஒரு பனை உயரம் வரும்.

"வெறும் படிவம்தான் வகுப்பு. நிரப்பின படிவம் பொருள்" என்றார். வகுப்பு என்றால் இங்கே நாங்கள் இருந்து படிக்கிற வகுப்பில்லை, பைதனில் 'கிளாஸ்' என்கிறது; பொருள் என்றால் 'ஒப்ஜெக்ட்'. அதற்குமேல் அன்றைக்கு வரைவிலக்கணம் எதுவும் இல்லை. நிரப்பச் சொன்னார். பதினொரு பேரும் நிரப்பிக் கொடுத்தோம். ஒரே படிவம், பதினொரு ஆட்கள். என் படிவத்தில் முகவரியை வெட்டி எழுதினால் மகனின் படிவத்தில் ஒன்றும் மாறாது. ஒருவன் அடையாள அட்டை இலக்கத்தை விட்டுவிட்டான். அவர் வாங்காமல் திருப்பிக் கொடுத்தார். "கட்டாயக் கட்டம் நிரப்பாட்டி கவுண்டரில என்ன செய்வினம்? அதைத்தான் பைதனும் செய்யும்." பொருள் பிறக்கிற நேரம் ஓடுகிற அந்த 'இனிற்' என்ற பகுதி இதுதான். அதில் கேட்டிருக்கிற விபரத்தைத் தராவிட்டால் பொருளே உருவாகாது, பிழைச் செய்தி வந்து நிற்கும்.

இதுவரை யாரும் சொல்லக்கூடியதுதான். பிறகு வந்ததற்கே நான் பாதிக் காசைக் கொடுப்பேன். பைதனில் வகுப்புக்குள் எந்தச் செயலை (அதாவது பொருள் செய்கிற ஒரு வேலையை) எழுதினாலும் 'செல்ஃப்' என்று ஒரு சொல் வந்து ஒட்டிக்கொண்டு நிற்கும். மகன் அதை ஏன் எழுதுகிறோம் என்று தெரியாமலே ஒரு வருசமாக எழுதிக்கொண்டிருந்தான். முன்பு நான் காசு கட்டிப் பார்த்த ஒரு வீடியோப் பாடத்தில் "அது அப்படித்தான், எழுதுங்கள்" என்று கடந்து போய்விட்டார்கள். இவர் படிவத்தைத் தூக்கிப் பிடித்து, "இதில விண்ணப்பதாரி எண்டு எத்தனை இடத்தில போட்டிருக்கு?" என்று கேட்டார். எண்ணினோம், ஐந்து. "ஆர் அந்த விண்ணப்பதாரி?" யாரும் பேசவில்லை. பின் வாங்கிலிருந்த பிள்ளை, "ஆர் நிரப்பினமோ அவைதான் சேர்" என்றாள். "அவ்வளவுதான். செல்ஃப் எண்டா விண்ணப்பதாரி. படிவம் அச்சடிக்கேக்க ஆர் நிரப்பப் போயினம் எண்டு அச்சகத்துக்குத் தெரியாது. அதால பேரைப் போடாமல் விண்ணப்பதாரி எண்டு போட்டு வச்சிருக்கினம்."

மகன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

கையேடு என்று ஒன்று தந்தார், அதைப் பற்றிக் கீழே திட்டுகிறேன். அதில் வகுப்புக்கு உவமை வீட்டு வரைபடம். உலகம் முழுக்க இதைத்தான் சொல்கிறார்களாம். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரே மாதிரி வரிசையாக எழும்பின வீடுகளைப் பார்த்தவர்களுக்கு நன்றாகவே பொருந்தும். ஒரு வரைபடம், ஆயிரம் வீடு, ஒருவர் நீலம் அடிப்பார், இன்னொருவர் பின்னுக்குக் குசினி இறக்குவார். ஆனால் மகன் ஒரு கேள்வி கேட்டான். வீடு கட்டி முடிந்த பிறகு வரைபடத்தை மாற்றினால் என்ன நடக்கும்?

அவர் பதில் சொல்லவில்லை, தட்டிக் காட்டினார். மூன்று பொருள்களை உருவாக்கினார். அதற்குப் பிறகு வகுப்பில் புதிதாக ஒரு செயலைச் சேர்த்தார். ஏற்கெனவே இருந்த மூன்று பொருள்களையும் அந்தச் செயலின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூன்றும் பதில் சொல்லின. அதாவது கந்தோரில் இருக்கிற வரைபடத்தில் ஒரு யன்னலைக் கீறினால், முரசுமோட்டையில் கட்டி முடிந்த வீட்டுச் சுவரில் யன்னல் விழுகிறது. பைதனில் பொருள் தன் செயல்களைத் தலையில் காவிக்கொண்டு திரிவதில்லை. கூப்பிடுகிற ஒவ்வொரு முறையும் தன்னிடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் வகுப்பிடம் போய்க் கேட்கிறது. "வீட்டு உவமை இந்த இடத்தில செத்துப்போச்சு. இனி அதைக் காவாதேங்கோ" என்றார். உவமை சொல்கிற வாத்திமார் நிறையப் பேரைக் கண்டிருக்கிறேன். அது எந்த இடத்தில் சாகும் என்றும் சேர்த்துச் சொன்னவரை இங்கேதான் கண்டேன்.

மூன்றாம் கிழமை என்னுடைய மானம் போன கிழமை. வீட்டில் இருந்து நானே ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டு போனேன். விவசாயி என்று ஒரு வகுப்பு. அதற்குள் பெயர், ஊர், கூலியாகத் தந்த மூட்டைகளின் பட்டியல். பைதன் 3இல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்று அவர் சொல்லித் தந்திருந்தார். 2008இல் அந்தப் பதிப்பு வந்ததிலிருந்து முடியுமாம், கட்டளைச் சொற்கள் மட்டும்தான் ஆங்கிலம். எனக்கு அது பெரிய ஆறுதல். விவசாயி.மூட்டைகள் என்று எழுதிப் பார்க்கவே சந்தோசமாக இருந்தது. கொப்பியைப் பார்த்து முப்பத்திரண்டு பேரையும் பதிந்தேன். எல்லாரும் தந்த மூட்டையைச் சேர்த்தேன். பிறகு ஒவ்வொருவராகக் கேட்டால், முப்பத்திரண்டு பேருக்கும் ஒரே விடை, 412 மூட்டை. அரை ஏக்கர் உழுவித்த கிழவிக்கும் 412, பத்து ஏக்கர்க்காரருக்கும் 412.

வகுப்பில் போட்டுக் காட்டினேன், எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நெல்லுக் கடையில முன்னுக்கு ஒரு பலகை இருக்குமே, அதில என்ன எழுதியிருக்கும்?" என்று கேட்டார். இன்றைய விலை. "உங்கட கடன் எங்க எழுதியிருக்கும்?" கொப்பியில், என் பெயரில், தனிப் பக்கத்தில். "நீங்கள் எல்லாற்ற மூட்டையையும் பலகையில எழுதிப்போட்டியள் அக்கா."

விசயம் இதுதான். மூட்டைகள் என்ற வெறும் பட்டியலை நான் 'இனிற்'றுக்கு உள்ளே வைக்காமல், வகுப்பின் தலைமாட்டில் வைத்துவிட்டேன். அங்கே வைத்தால் பட்டியல் ஒன்றே ஒன்றுதான், எல்லாருக்கும் பொது. ஒருவரின் பெயரைச் சொல்லி மூட்டையைச் சேர்த்தாலும் போய் விழுவது அந்த ஒரே பட்டியலில். இனிற்றுக்குள் வைத்தால் ஆளுக்கொரு புதுப் பட்டியல், ஆளுக்கொரு கொப்பிப் பக்கம். நான் விடவில்லை. விலையையும் அங்கேதானே வைத்திருக்கிறேன், ஒருவருக்கு மட்டும் விலையை மாற்றினேன், அது அவருக்கு மட்டும்தானே மாறியது, மற்றவர்களுக்கு மாறவில்லையே என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது, அரை மணித்தியாலம் அதிலேயே நின்றார். ஒருவரின் பெயர் சொல்லிப் புதிதாக ஒரு விலையைப் போட்டால், பைதன் பலகையைத் தொடுவதில்லை. அவருடைய கொப்பியில் ஒரு விலையை எழுதுகிறது. அதற்குப் பிறகு அவருடைய விலையைக் கேட்டால் கொப்பியில் இருப்பதைச் சொல்லும், பலகை வரை போகாது. பட்டியலில் சேர்க்கும்போது நாங்கள் புதிதாக எதையும் போடவில்லை, இருக்கிறதையே எடுத்து அதற்குள் திணிக்கிறோம். கொப்பியில் இல்லாததால் பலகைக்குப் போகிறது, பலகையில் இருப்பதற்குள் திணிக்கிறது. பழகினவர்களும் இதில் விழுவார்களாம். நான் இனி விழமாட்டேன். 412 என்ற எண்ணைக் கண்டாலே கை தானாக நிற்கிறது.

உறைபொதியாக்கம் என்று பாடப்புத்தகம் சொல்கிறதை அவர் இரண்டு விதமாகச் சொன்னார். ஒன்று இரணைமடுக் குளம். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று யாரும் கேட்கலாம். ஆனால் வயலுக்குத் தண்ணீர் வேண்டுமென்று நீங்கள் போய்த் துருசைத் திருப்ப முடியாது. கமக்காரர் அமைப்புக்குச் சொல்லி, அவர்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குச் சொல்லி, முறை வந்தால் திறப்பார்கள். உள்ளே இருக்கிற அளவை வெளியாள் நேரே மாற்றாமல், செயல் ஒன்றின் வழியாக மட்டும் மாற்றுவது, அந்தச் செயல் சரி பிழை பார்த்துத்தான் செய்வது. நல்ல உவமைதான், ஆனால் சிறுபோகக் கூட்டத்தில் நடக்கிற சண்டையைக் கண்டவர்களுக்கு அது அவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை என்று தெரியும். வகுப்பில் இரண்டு பேர் அதையே கதைக்கத் தொடங்கி, பாடம் பத்து நிமிசம் வாய்க்காலில் போய்விட்டது.

மற்றது படலை. பைதனில் ஒரு பெயருக்கு முன்னால் அடிக்கோடு போட்டால், "இது உள் விசயம், தொடாதேங்கோ" என்று அர்த்தம். ஆனால் தொட்டால் ஒன்றும் நடக்காது. "கயித்தால கட்டின படலை மாதிரி. மாடு வராது, மரியாதையான மனிசரும் வராயினம். கள்ளன் வருவான்." ஜாவா என்ற இன்னொரு கணினி மொழியில் 'பிரைவேட்' என்று போட்டால் வெளியிலிருந்து தொடுகிற வரியைக் கம்பைலரே ஏற்காது, அது பூட்டுப் போட்ட கேற். இந்த உவமை என்னோடு வீட்டுக்கே வந்துவிட்டது. இப்போது மகன் என்னுடைய போனை எடுத்தால், "அடிக்கோடு போட்டிருக்கு" என்கிறேன்.

மரபுரிமையில், அதாவது ஒரு வகுப்பில் எழுதினதை இன்னொரு வகுப்பு அப்படியே எடுத்துக்கொள்கிற விசயத்தில்தான், அவர் நன்றாகச் சறுக்கினார். கையேட்டில் இருந்தபடி, அப்பாவின் சொத்து பிள்ளைக்கு வருவது போல என்று தொடங்கினார். பின் வாங்குப் பிள்ளை எழும்பி, "சேர், அப்பான்ர மூண்டு ஏக்கரை மூண்டு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு ஒரு ஏக்கர்தானே? அப்ப மூண்டு பிள்ளை வகுப்பு இருந்தா எல்லாம் குறைஞ்சு குறைஞ்சு வருமோ?" என்றாள். கேட்டது நியாயம். காணி உறுதிக்கு அலைந்த ஊரில் மரபுரிமை என்ற சொல்லுக்கு வேறு மணம் இருக்கிறது. தாய் வகுப்பிலிருந்து எத்தனை பிள்ளை வகுப்புகள் வந்தாலும் தாயிடம் ஒன்றும் குறையாது, அப்பா இருக்கும்போதே வரும், யாரும் வழக்குப் போட முடியாது. அவர் கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நல்ல கேள்வி, அடுத்த கிழமை வாறன்" என்று முடித்துவிட்டார். சிலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது.

அடுத்த கிழமை ஒரு பழைய கதையோடு வந்தார். 1960களில் நோர்வேயில், ஒஸ்லோவில், ஒலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் என்று இருவர். நிஜ உலகத்தில் நடப்பதைக் கணினியில் ஓட்டிப் பார்க்க ஒரு மொழி செய்தார்கள். அதுதான் சிமுலா. அந்த வேலையில் அவர்கள் யோசித்துக்கொண்டிருந்த ஓர் உதாரணம், ஒரு பாலம். அங்கே சுங்கம் கட்ட வரிசையில் நிற்கிற வாகனங்கள். சில லொறி, சில பஸ். வரிசைக்கு எல்லாம் ஒன்றுதான், ஒன்றன் பின் ஒன்றாக நிற்கிற வாகனம். ஆனால் லொறியும் பஸ்ஸும் ஒன்றல்ல. பொதுவானதை ஒரு இடத்தில் எழுதி, வேறுபடுவதை மட்டும் தனித்தனியாக எழுத முடிந்தால்? அந்த இடத்திலிருந்துதான் சிமுலா 67இல் பிள்ளை வகுப்பு வந்தது. கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது, 2001க்கானது, இருவருக்கும் கிடைத்தது. 2002இல் இருவருமே காலமாகிவிட்டார்கள்.

"பாலம் வேண்டாம் சேர், ஓமந்தை எண்டு சொல்லுங்கோ" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

2002இல் யாழ்ப்பாணம் - கண்டி ஏ9 வீதி திறந்தபோது எனக்கு 20 வயது. ஐயாவின் லொறியில் வவுனியாவுக்குப் போய் வந்திருக்கிறேன். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் எல்லா வாகனமும் ஒரே பாதையில்தான் நிற்கும். முறை வந்ததும் எல்லாவற்றுக்கும் ஒரே சொல், சோதனை. ஆனால் லொறி என்றால் தறப்பாளைக் கழற்றி மூட்டையை இறக்க வேண்டும். பஸ் என்றால் சனம் இறங்கிப் பைகளைக் காவிக்கொண்டு நடக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் என்றால் சீற்றைக் கழற்ற வேண்டும். கூப்பிடுகிறவர் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமாகக் கூப்பிடுவதில்லை. என்ன செய்ய வேண்டும் என்று அந்தந்த வாகனத்துக்குத் தெரியும். இதை நான் சொல்லி முடித்தபோது வகுப்பில் பாதிப் பேருக்கு ஓமந்தை என்றால் றெயில் நிற்கிற ஒரு ஸ்ரேசன் மட்டும்தான் என்று தெரிந்தது. அவர்கள் 2006க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள். மகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், வீட்டில் நான் இதைச் சொன்னதில்லை.

அவர் மெதுவாகப் பலகையில் 'சோதி' என்று எழுதினார். பிறகு லொறி, பஸ், சைக்கிள் என்று மூன்று வகுப்பு, மூன்றுக்குள்ளும் 'சோதி' என்று ஒரே பெயரில் ஒரு செயல், உள்ளே மட்டும் வேறு வேறு. வரிசையை ஓட்டுகிற வரி ஒன்றே ஒன்று. "இதுதான் பல்லுருவம். நாளைக்கு ஓட்டோ வந்தா ஓட்டோக்கு ஒரு வகுப்பு எழுதுறம், வரிசையைத் தொடுறேல்லை." இதில்லாமல் எழுதினால் லொறியா, பஸ்ஸா, சைக்கிளா என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டுக் கேட்டு எழுத வேண்டும். எக்செல்லில் நான் செய்துகொண்டிருந்தது அதைத்தான். இப்போது என் புரோகிராமில் மெசின்.கூலி(வேலை) என்று ஒரு வரி. உழவு மெசின் ஏக்கரைப் பார்க்கும், லாண்ட்மாஸ்டர் மணித்தியாலத்தைப் பார்க்கும். எனக்குத் தெரியத் தேவையில்லை.

நெல் இனங்களை வகுப்பாக்குகிற பயிற்சியும் அன்றைக்குத்தான். இனத்தின் பெயரில் பி.ஜி. என்றால் பத்தலகொட, ஏ.ரி. என்றால் அம்பலாந்தோட்டை (இரண்டும் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர்), 300 என்றால் மூன்று மாதம், 352உம் 362உம் மூன்றரை மாதம் என்று வரம்பில் நிற்கிற எல்லாருக்கும் தெரியும். ஆர்வக்கோளாறில் மூன்றரை மாத நெல் என்று ஒரு வகுப்பு, சிவப்பு நெல் என்று ஒரு வகுப்பு எழுதினோம். ஏ.ரி. 362 மூன்றரை மாதம், அரிசியும் சிவப்பு. எந்தத் தாய்க்குப் பிள்ளை? பைதன் இரண்டு தாயை விடும், ஜாவாவில் ஒரு வகுப்புக்கு ஒரு தாய் வகுப்புத்தான். அவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, நெல் என்று ஒரே வகுப்பு, வயதும் நிறமும் அதற்குள் இரண்டு கட்டம் என்று எழுதினார். "படிவத்தில ஒரு கட்டத்தால முடியிற வேலைக்குப் புதுப் படிவம் அடிக்காதேங்கோ."

ஆனால் எனக்கு உண்மையில் வேலைக்கு உதவினது பெட்டிக் கதை. பெட்டிக்கும் கூலி இருக்கிறது, திருத்த வேலைச் செலவு இருக்கிறது, ரயர் மாற்றுகிறோம். ஆகவே மெசின் வகுப்பின் பிள்ளையாகப் பெட்டியை எழுதினேன். மெசினுக்கு டீசல் கணக்கு உண்டு, பெட்டிக்கு ஏது டீசல்? பூச்சியம் என்று போட்டேன். பிழை வரவில்லை, அதுதான் ஆபத்து. மாத முடிவில் ஒரு மெசினுக்குச் சராசரி எவ்வளவு டீசல் என்று பார்த்தால் அதிசயமாகக் குறைந்திருந்தது. என் மனுசன் டிரைவர்மாரைப் புகழத் தொடங்கிவிட்டார். பிறகுதான் பிடிபட்டது, மொத்த டீசலை நாலு மெசினால் பிரிக்காமல், மூன்று பெட்டியையும் சேர்த்து ஏழால் பிரித்திருக்கிறது.

பார்பரா லிஸ்கோவ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1987இல் சொன்ன ஒரு விதி இருக்கிறதாம். அவர் 2008க்கான டூரிங் விருது பெற்றவர். தாய் வகுப்புப் பொருள் நிற்க வேண்டிய இடத்தில் பிள்ளை வகுப்புப் பொருளை நிறுத்தினால் புரோகிராம் தடுமாறக் கூடாது. என் பெட்டியை மெசின் நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தினேன், கணக்கு தடுமாறியது. "பெட்டி மெசின்ர பிள்ளையில்லை அக்கா. மெசினில கொழுவுறது" என்றார் தம்பி. அந்த ஒரு சொல்லில் எல்லாம் விளங்கியது. ஒரு பெட்டியைக் காலையில் ஒரு மெசினில் கொழுவுவோம், பின்னேரம் கழற்றி மற்றதில் கொழுவுவோம். பிறப்பை அப்படிக் கழற்ற முடியாது. இப்போது பெட்டி தனி வகுப்பு, மெசினுக்குள் பெட்டிக்கு ஒரு இடம், மெசின்.கொழுவு(பெட்டி) என்று ஒரு செயல். "பிள்ளையோ கொழுவலோ எண்டு சந்தேகம் வந்தா கொழுவுங்கோ" என்பது அவர் சொன்னதில் நான் சுவரில் எழுதி ஒட்டின ஒரே வசனம்.

இனிக் குறை. கையேடு தண்டம். எங்கோ இருந்து எடுத்த ஆங்கிலக் கையேட்டை மெசின் மொழிபெயர்ப்பில் போட்டு அச்சடித்திருக்கிறது. நாயும் பூனையும் அங்கேயும் குரைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. வகுப்பில் இவ்வளவு அழகாகச் சொல்கிற ஆள் அதை எழுதி வைத்தால் என்ன? கேட்டேன், நேரமில்லை என்றார். கடைசி இரண்டு கிழமையும் ஒரே ஓட்டம். அருவமாக்கலை நாற்பது நிமிசத்தில் முடித்தார், இன்ரபேசுக்கு வந்தது வெறும் வரைவிலக்கணம், எனக்கு இன்றுவரை அது மூடுபனிதான். புரொஜெக்டர் யன்னலுக்கு எதிரே இருப்பதால் மழை விட்ட நாளில் திரையில் ஒன்றும் தெரியாது. மூன்று மணித்தியாலமும் இடைவேளை இல்லை. இரண்டாம் கிழமை நான் எழும்பிக் கேட்ட பிறகுதான் தேத்தண்ணிக்குப் பத்து நிமிசம் விட்டார். பரீட்சைக்கு மட்டும் படிக்கிற பிள்ளைக்கு இது பொருந்தாது. கடந்த கால வினாத்தாள் ஒன்றுகூடச் செய்யவில்லை. அதற்கு வேறு ரியூசன் பார்க்க வேண்டும். முரசுமோட்டைப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், இருட்டிவிடும்.

காலபோக வெட்டு முழுவதையும் இந்தப் புரோகிராமில்தான் பதிந்தேன். கொப்பியையும் பக்கத்தில் வைத்திருந்தேன், பொய் சொல்லவில்லை. இரண்டு தரம் பிசகியது, இரண்டும் என் பிழை. கடன்காரர் பட்டியலை ஒரு வரியில் கேட்டால் பெரிய தொகை மேலே வரும்படி எழுதியிருக்கிறேன். முதல் பெயர் என் மனுசனின் தமையன். லப்டொப் திரையை இவர் மெதுவாக மூடிவிட்டார்.

அடுத்த பிரிவு சிறுபோக விதைப்பு முடிந்த கையோடு தொடங்குகிறதாம், பன்னிரண்டு பேருக்கு மேல் எடுக்கமாட்டார். யன்னலுக்கு எதிர்ப்பக்க வாங்கைப் பிடியுங்கள். சுவரில் இரண்டு பிளக் மட்டும்தான் இருக்கிறது, எக்ஸ்ரென்சன் வயர் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். என்னுடையதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன், கறுப்பு வயர், பிளக்கில் சிவப்பு ரேப் சுற்றியிருக்கும். காணுகிறவர்கள் எடுத்து வையுங்கோ.